ஓடாட்டே மரப் பென்டோ பெட்டி: ஒன்றரை வருடம் சோறு கட்டிய பிறகு

மதியம் மூடியைத் திறந்ததும் முதலில் வருவது மர வாசனைதான். அப்போதுதான் சீவிய மரம் மாதிரி, லேசாகச் சோற்றின் மேலேயே தங்கியிருக்கும். காலை ஆறே முக்காலுக்கு வைத்த சோறு, ஐந்து மணி நேரம் கழித்து ஆறியிருக்கிறது, ஆனால் விறைக்கவில்லை. மூடியின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தால் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பருக்கை பருக்கையாகத் தெரிகிறது, குச்சியால் எடுத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. கொடுத்த 11,000 யென் இதற்கே சரியாகிவிட்டது என்று முதல் வாரத்திலேயே எனக்குத் தோன்றிவிட்டது.

டோக்கியோவில் நிஷிகசாயில் இருக்கிறேன். அலுவலகத்துக்குத் தினமும் பென்டோ, அதாவது கட்டுச்சாப்பாடு, கொண்டு போகிறவள். ஆறு வருடம் பிளாஸ்டிக் டப்பா. சூடான சோற்றை வைத்து மூடினால் மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணீர் திரும்பச் சோற்றில் சொட்டி, மதியத்துக்குள் மேல் பருக்கை குழைந்து அடிப்பருக்கை கட்டியாகியிருக்கும். மைக்ரோவேவில் வைத்தால் சரியாகிவிடும் என்று பழகிப்போயிருந்தேன். பக்கத்து வீட்டு ஒபாசான் ஒருநாள் என்னிடம், "பென்டோ ஆறின பிறகு சாப்பிடுவதற்காகச் சமைப்பது. நீங்கள் இரவுச் சாப்பாட்டின் மிச்சத்தை எடுத்துப் போகிறீர்கள்" என்றார். வயது எழுபத்தெட்டு. சொன்ன விதத்தில் குத்தல் எதுவும் இல்லை, விவரம் சொல்கிற தொனிதான். ஆனால் எனக்கு அது மனதில் நின்றுவிட்டது.

அவர் சொன்னதில் அறிவியலும் இருக்கிறது. ஜப்பானியக் குட்டை அரிசியில் அமிலோஸ் குறைவு, அதனால் ஆறினாலும் மென்மை போகாது. நம் பொன்னி அரிசிக்கு அந்தக் குணம் கிடையாது. அகிட்டாகொமாச்சி போன்ற ரகங்களுக்கு ஆறினாலும் ருசி போகாது என்று இங்கே பேர். நல்ல அரிசியை வாங்கிவிட்டு வியர்க்கிற டப்பாவில் அடைத்தால் பாதி காசு வீண்.

இந்தப் பெட்டிக்குப் பெயர் மகெவப்பா. வளைத்துச் செய்த மரப்பெட்டி என்று அர்த்தம். வடக்கே அகிட்டா மாகாணத்தில் ஓடாட்டே என்ற ஊர்தான் இதற்குப் பேர்போனது. ஷிபுயா ரயில் நிலையத்தில் சிலையாக நிற்கிற ஹச்சிகோ நாய் பிறந்ததும் அந்த ஊரில்தான். அகிட்டா சுகி என்ற ஊசியிலை மரத்தை மெல்லிய பலகையாகச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து, இளகினதும் ஒரே மூச்சில் அச்சைச் சுற்றி வளைக்கிறார்கள். முனைகளை மெலிதாக இழைத்து ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, மரக்கிடுக்கி போட்டு உலர்த்தி, ஒட்டி, கடைசியில் காட்டுச் செர்ரி மரப்பட்டையால் தைக்கிறார்கள். ஆணி கிடையாது. 17ஆம் நூற்றாண்டில் ஓடாட்டே கோட்டையில் இருந்த சதாகே குடும்பத்தார், வருமானம் போதாத கீழ்நிலைச் சாமுராய்களுக்கு இதை உபதொழிலாக ஏற்படுத்திக் கொடுத்தார்கள். 1980இல் அரசின் பாரம்பரியக் கைவினைப் பட்டியலில் சேர்ந்தது. முன்பெல்லாம் காட்டில் தானாக வளர்ந்த மரத்தையே எடுத்தார்கள். அரசுக் காடுகளில் அந்த வெட்டு 2012 நிதியாண்டோடு நின்றுவிட்டது. இப்போது நட்டு வளர்த்த மரம்தான்.

வாங்குவதற்கு முன் நான் ஒரு தப்பு செய்தேன். இணையத்தில் 2,800 யெனுக்கு மலிவாக ஒன்று கிடைத்தது. படத்தில் இதே மாதிரிதான் இருந்தது. வந்ததைப் பார்த்தால் உள்ளே தடியாகப் பளபளக்கும் பூச்சு. மரவாசனை சுத்தமாக இல்லை, சோறும் பிளாஸ்டிக்கில் போலவே வியர்த்தது. மூன்றே மாதத்தில் மூலையில் பூச்சு உரிந்து வர ஆரம்பித்தது, அந்தச் சீவல் சோற்றில் கிடந்த அன்றைக்கே தூக்கிப் போட்டேன். எல்லாப் பூச்சும் மோசம் என்று சொல்ல வரவில்லை. நல்ல பட்டறைகளும் யூரித்தேன் பூச்சு போட்டது, உருஷி அரக்குப் பூசியது என்று விற்கிறார்கள், கழுவ அவை எளிது. ஆனால் ஈரத்தை இழுக்கிற வேலையை மரம் செய்ய வேண்டுமென்றால் பூச்சே இல்லாத ஷிராகி வகைதான் வேண்டும்.

அதனால் இரண்டாவது முறை நேரிலேயே போனேன். ஷின்கன்செனில் அகிட்டா வரைக்கும், அங்கிருந்து எக்ஸ்பிரஸில் ஓடாட்டே. ஸ்டேஷனில் இறங்கியதும் ஹனாசென் கடையின் தோரிமேஷி வாங்கிச் சாப்பிட்டேன். 1947 முதல் விற்கிற ரயில் நிலையப் பென்டோ, கோழிச்சாறும் சோயாவும் சேர்த்து வெந்த சோற்றின் மேல் இனிப்பும் உப்புமாகக் கோழித்துண்டு. ஆறின சோறு எவ்வளவு நன்றாக இருக்க முடியும் என்று காட்ட வேறு உதாரணமே வேண்டாம். அந்தப் பசியாறலோடு பட்டறைக்குப் போய், கொபான் என்கிற நீள்வட்டத்தில் 600 மில்லி பெட்டியை எடுத்தேன். பழைய காலத்துத் தங்கக் காசின் வடிவம் அது. கையில் எடுத்தால் காற்றைப் பிடித்த மாதிரி இருக்கிறது. மூடி பெட்டியின் மேலே தொப்பி மாதிரி கவிகிற வகை, அதனால் விளிம்புக்கு மேலே ஒரு விரற்கடை குவித்து வைத்தாலும் நசுங்காது.

எப்படி அடுக்குவது என்று ஒபாசான்தான் சொல்லிக்கொடுத்தார். முதலில் பெட்டியைத் தண்ணீரில் நனைத்துத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயும் சோயாவும் மரத்தில் இறங்கிக் கறையாகும். சோற்றைச் சரிவாக வைக்க வேண்டும், அந்தச் சரிவில் மற்றவை சாய்ந்து உட்காரும். சோறு மூன்று பங்கு, மீனோ முட்டையோ ஒரு பங்கு, காய்கறி இரண்டு பங்கு. நான் வழக்கமாக வைப்பது தமாகோயாகி என்கிற சுருட்டிய முட்டை ஆம்லெட் இரண்டு துண்டு, கோபோ கிழங்கும் கேரட்டும் எள் போட்டு வதக்கிய கின்பிரா, கீரை, சோற்றின் நடுவில் ஒரு உமெபோஷி, அதாவது உப்பில் ஊறிக் காய்ந்த உமெ என்கிற புளிப்புப் பழம். சாறு ஒழுகுகிற எதையும் வைக்கவே முடியாது. குழம்பு, ரசம், மோர்க்குழம்பு எதற்கும் இந்தப் பெட்டி ஆகாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைக்ரோவேவும் கூடாது. ஜனவரியில் சில்லென்ற சோறு உள்ளே போகும்போது கஷ்டம்தான், பிளாஸ்கில் மிசோ சூப் கொண்டுபோய்ச் சமாளிக்கிறேன்.

பெட்டி வந்த பிறகுதான் நான் பருவத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். குழம்பும் பொரியலும் இல்லாத அந்தச் சின்ன இடத்தில் சோறே பிரதானம், அப்போது சோற்றில் என்ன கலப்பது என்ற கேள்வி தானாக வருகிறது. ஏப்ரலில் மூங்கில் குருத்து. தோலோடு முழுசாக, ஒரு பிடி தவிட்டையும் ஒரு காய்ந்த மிளகாயையும் போட்டு ஒரு மணி நேரம் வேகவைத்து, அதே தண்ணீரில் ஆறவிட்டால் காறல் போய்விடும். அதை நறுக்கிச் சோற்றோடு வேகவைத்து, மேலே சன்ஷோ இளந்தளிர் ஒன்று. மரவாசனையும் குருத்து வாசனையும் சேர்ந்து வருகிறதே, அது ஏப்ரல் மாதத்துக்கு மட்டும்தான். அக்டோபரில் புது அரிசி, கஷ்கொட்டைச் சோறு. கொட்டையின் தடித்த தோலையும் உள்ளே ஒட்டிய துவர்ப்புத் தோலையும் கத்தியால் உரித்து முடிப்பதற்குள் விரல் நோகும், ஆனாலும் வருடத்துக்கு ஒரு தடவை செய்யாமல் விடுவதில்லை.

உமெபோஷி கதை தனி. ஜூனில் இங்கே மழைக்காலம். அதற்கு எழுதுகிற எழுத்தே 'உமெ மழை' என்றுதான் இருக்கிறது, அந்தக் காய் கனிகிற நேரம் அது. ஒபாசான் கிலோவுக்கு 180 கிராம் உப்புக் கணக்கில் பழத்தைப் போட்டுக் கனம் வைத்தார். நாலைந்து நாளில் பழம் முங்குகிற அளவுக்குத் தண்ணீர் விட்டது. சிவப்பு ஷிசோ இலையைக் கசக்கிச் சேர்த்ததும் மொத்தமும் குங்கும நிறம். ஜூலைக் கடைசியில் மழை ஓய்ந்ததும் மூங்கில் தட்டில் பரப்பி மூன்று நாள் வெயிலில் காயவைத்தார். மொட்டை மாடியில் வடாம் காய்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான், தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுகிற வேலையை என்னிடம் கொடுத்தார். அந்தப் பழம்தான் இன்றைக்கும் என் சோற்றின் நடுவில் இருக்கிறது.

அதே மழைக்காலத்தில்தான் பெட்டியும் கெட்டது. வெள்ளிக்கிழமை பையிலிருந்து எடுக்க மறந்து, திங்கட்கிழமை பார்த்தபோது உள்ளே நாற்றம். பதறிப்போய்ப் பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவம் போட்டுத் தேய்த்து, உட்புறம் கீழே இருக்கும்படி கவிழ்த்து சிங்க் ஓரத்தில் கவனிக்காமல் வைத்துவிட்டேன். இரண்டு நாளில் அடிப்பலகை முழுக்கக் கறுப்புத் திட்டு. மரத்தில் உள்ள டானினும் தண்ணீரில் உள்ள இரும்பும் சேர்ந்தால் இப்படித்தான் கறுக்கும், ஈரம் தங்கினால் பூஞ்சையும் வரும். அன்று எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. பட்டறைக்கு அனுப்பினேன். மேல்பரப்பை இழைத்துச் சுத்தம் செய்து இரண்டு மாதம் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள். அனுப்புகிற செலவும் இழைக்கிற கூலியும் என் கணக்கு. லேசான நிழல் ஒன்று இன்னும் இருக்கிறது.

இப்போது கழுவுகிற முறை இதுதான். சாப்பிட்டு முடித்ததும் அலுவலகத்திலேயே வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம். வீட்டில் தென்னை நார்த் தவாஷியால் மரத்தின் ரேகை போகும் திசையில் தேய்ப்பது, சோப்பு இல்லை. வெந்நீரில் அலசி, துணியால் ஒற்றி, உட்புறம் மேலே பார்க்கும்படி நிழலில் ஒரு நாள் முழுக்க உலர்த்துவது. ஒரு நாள் முழுக்க என்பதைக் கவனியுங்கள், அடுத்த நாள் காலைக்குள் அடிப்பலகை சரியாகக் காய்வதில்லை. தினமும் கட்டுகிறவர்களுக்கு ஒன்று போதாது. நான் செவ்வாயும் வியாழனும் பழைய டப்பாவில்தான் கொண்டு போகிறேன்.

போன புத்தாண்டுக்கு முதல் நாள் ஒபாசான் கதவைத் தட்டி, "உங்கள் பெட்டியைக் கொடுங்கள்" என்றார். ஒசெச்சி தருவதற்காக. அவர்கள் வீட்டில் அது மூன்றடுக்கு அரக்குப் பெட்டியில் இருக்கும், புத்தாண்டு நாட்களில் அடுப்பு பற்றவைக்காமல் சாப்பிடுவதற்காகச் செய்கிற உணவு. 2013இல் யுனெஸ்கோ ஜப்பானிய உணவு மரபைப் பட்டியலில் சேர்த்தபோது, குறிப்பாகப் புத்தாண்டு உணவைத்தான் சொன்னார்கள். கறுப்பு பீன்ஸ் பாகில் ஊறியது, அது மரத்தில் பட்டால் அவ்வளவுதான். அவர் வாசலில் இருந்த தொட்டிச் செடியிலிருந்து ஹரான் இலையைப் பறித்து, கத்தரியால் வெட்டி, பீன்ஸுக்கு ஒரு கிண்ணம் மாதிரி மடித்து வைத்தார். வாழை இலையில் கட்டிய சோறு எனக்கு நினைவு வந்தது. பீன்ஸுக்கு 'மாமே' என்று பெயர், உடம்பு நன்றாக இருப்பதற்கும் அதே சொல். பக்கத்தில் இனிப்புச் சோயாவில் புரட்டிய குட்டி நெத்திலி. பழைய காலத்தில் வயலுக்கு உரமாகப் போட்ட மீன் அது, விளைச்சலை வேண்டி வைப்பார்களாம். ஹெர்ரிங் மீன்சினை பிள்ளைப்பேற்றுக்கு. ஒவ்வொன்றையும் வைக்கும்போது எனக்குச் சொல்லிக்கொண்டே வைத்தார்.

மகளுக்கு வரும் ஏப்ரலில் யோச்சியென், அதாவது மழலையர் பள்ளி, ஆரம்பிக்கிறது. அவளுக்கும் இப்படியே ஒரு சின்னப் பெட்டி வாங்கலாம் என்று இருந்தேன், ஆனால் குளிர்காலத்தில் அங்கே பென்டோவைச் சூடுபடுத்தும் அலமாரியில் வைப்பார்களாம், அலுமினியப் பெட்டிதான் கேட்கிறார்கள். சரி, அவளுக்கு அலுமினியம். ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போகும்போது என் பெட்டியைத் திறந்ததும் முகத்தை உள்ளே விட்டு மோந்து பார்க்கிறாள், உமெபோஷியை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டுச் சோற்றை மட்டும் சாப்பிடுகிறாள்.