ஜோர்னடா 720-க்கு வைஃபை: கார்டா, கம்பியா?

2000-இல் வந்த எச்பி ஜோர்னடா 720 என்ற கையடக்கக் கணினியை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்களுக்கு அதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை. அரை கிலோ எடை, 640×240 வண்ணத் திரை, பத்து விரலும் வைத்துத் தட்டக்கூடிய கீபோர்ட். மூடியைத் திறந்த நொடியில், விட்ட வரியிலிருந்து எழுதலாம். உள்ளே 56கே மோடம்கூட உண்டு. இல்லாதது வைஃபை ஒன்றுதான்.

அதைச் சேர்க்க நான்கு வழிகள் இருக்கின்றன. எல்லாரும் முதலில் பார்ப்பது எந்த கார்டு எந்த ஸ்லாட்டில் பொருந்தும் என்பதை. என் அனுபவத்தில் அதைவிட முக்கியமான கேள்வி வேறு: வைஃபையின் பூட்டை, அதாவது கடவுச்சொல்லோடு வரும் குறியாக்கத்தை, திறக்கும் வேலையை இந்தப் பழைய கருவியின் தலையில் கட்டுவதா, வேறொன்றிடம் விடுவதா?

பிசி கார்டு ஸ்லாட்டில் வைஃபை கார்டு. பார்க்க அழகான வழி. லூசென்ட் ஆரினோகோ போன்ற 802.11பி (வைஃபையின் பழைய தரம்) கார்டைச் செருகி, டிரைவரை நிறுவினால் ஆண்டெனா முனை மட்டும் வெளியே தெரியும். வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். கார்டின் இணைப்பு முனைக்குப் பக்கத்தில் சிறு சிறு புடைப்புகளோடு தங்க நிறப் பட்டை ஓடினால் அது 32 பிட் கார்ட்பஸ் வகை. ஜோர்னடாவுக்கு 16 பிட் கார்டுதான் வேண்டும். நான் முதலில் வாங்கியது 54 எம்பிபிஎஸ் என்று பெரிதாக அச்சிட்ட கார்டு. விற்றவர் 'எல்லாவற்றிலும் ஓடும்' என்றார். செருகிவிட்டுக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு அசைவும் இல்லை. அப்புறம்தான் அந்தத் தங்கப் பட்டை கண்ணில் பட்டது. 54 எம்பிபிஎஸ் வேகமுள்ள 802.11ஜி கார்டுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

சரியான கார்டு கிடைத்தாலும் சிக்கல் தீராது. அந்தக் காலத்து டிரைவர்கள் பெரும்பாலும் டபிள்யூஇபி என்ற பழைய பூட்டோடு நின்றுவிட்டவை. ஆரினோகோவின் சில்வர் மாடலில் 5 எழுத்துச் சாவி, கோல்டில் 13 எழுத்துச் சாவி. கோல்டு பாதுகாப்பானது என்று நினைத்துவிடாதீர்கள். ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2001-லேயே டபிள்யூஇபியின் அடிப்படை ஓட்டையைக் காட்டிவிட்டார்கள். சாவி நீளமானதால் அந்த ஓட்டை அடைபடவில்லை. இந்த ஒரு கருவிக்காக வீட்டு ரவுட்டரின் பூட்டைத் தளர்த்துவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே ரவுட்டரில்தான் வங்கி வேலை செய்யும் போனும் இருக்கிறது.

காம்பாக்ட் ஃப்ளாஷ் வைஃபை கார்டு. மின்சாரம் குறைவாகக் குடிக்கும் கார்டுகள் இந்த வகையில் உண்டு. ஆனால் பூட்டுச் சிக்கல் இங்கேயும் அதேதான். அதோடு நினைவகக் கார்டு உட்கார வேண்டிய இடமும் போய்விடும். ஜோர்னடாவில் நாம் நிறுவுவதெல்லாம் 32 எம்பி ராமில்தான் இருக்கிறது. முக்கிய பேட்டரியும் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியும் சேர்ந்து தீர்ந்தால் டிரைவர் உட்பட எல்லாம் துடைத்துப் போய்விடும். அதனால் காம்பாக்ட் ஃப்ளாஷ் ஸ்லாட்டை பேக்கப்புக்கு விட்டுவிடுவதே நல்லது.

சீரியல் கேபிளும் ராஸ்பெரி பையும். வைஃபை உள்ள ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை சீரியல் வழியாக இணைத்து, அதில் பிபிபி (சீரியல் கம்பியில் இணையத்தைக் கொண்டுவரும் முறை) ஓட விடுவது. பூட்டுத் திறக்கும் வேலை பையிடம் போய்விடுகிறது, அதனால் இன்றைய டபிள்யூபிஏ2 பூட்டு பிரச்சினையே இல்லை. இணைக்கும்போது நடப்பதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜோர்னடாவின் இயங்குதளமான விண்டோஸ் சிஇ முதலில் 'கிளையன்ட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அனுப்பும். மறுமுனை 'கிளையன்ட்சர்வர்' என்று பதில் சொன்னால்தான் மேலே பேசும். அந்தப் பதிலைச் சொல்ல பையில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். ஜோர்னடாவின் சீரியல் கேபிளை நேராகப் பையின் பின்களில் கொடுத்துவிடாதீர்கள். அவை 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, நடுவே யுஎஸ்பி-சீரியல் மாற்றி வேண்டும். வேகம் 115200 பிபிஎஸ், அதாவது நொடிக்கு சுமார் 11 கேபி. எழுத்து மட்டும் உள்ள பக்கங்களுக்குப் போதும். ஜோர்னடாவுக்கான கேபிள் கிடைப்பதுதான் பெரும்பாடு.

ஈதர்நெட் கார்டும் பாக்கெட் ரவுட்டரும். நான் நிலைத்திருப்பது இதில்தான். என்இ2000 வகை 16 பிட் ஈதர்நெட் கார்டுக்கு விண்டோஸ் சிஇயிலேயே டிரைவர் உண்டு. கார்டைச் செருகியதும் ஐபி முகவரி கேட்டு ஒரு பெட்டி வரும், தானாக எடுத்துக்கொள் என்று விட்டால் போதும். மறுமுனையில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பயண ரவுட்டர். அது வீட்டு வைஃபையில் சாதாரண போனைப் போலச் சேர்ந்துகொண்டு, ஜோர்னடாவுக்குக் கம்பி வழியே இணையத்தைக் கொடுக்கிறது. ஈதர்நெட் 10 எம்பிபிஎஸ்தான். 802.11பி சொல்லும் 11-இல் நடைமுறையில் பாதிகூடத் தேறாது என்பதால் இந்தக் கம்பிதான் வேகம். ராம் துடைத்துப் போனாலும் டிரைவர் தேட வேண்டியதில்லை, அந்த நிம்மதிக்கே இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

குறையும் உண்டு. பழைய ஈதர்நெட் கார்டுகள் பலவற்றுக்கு, கார்டையும் ஈதர்நெட் கம்பியையும் இணைக்கும் தனி வால் கேபிள் வேண்டும். அது இல்லாமல் விற்கப்படும் கார்டை வாங்காதீர்கள், கேபிள் மட்டும் தனியாகக் கிடைப்பது அரிது. ரவுட்டருக்கு ஒரு பவர் பேங்க்கும் தேவை. ரயிலில் மடியில் வைத்து எழுதுபவருக்கு இத்தனை வால்கள் தொந்தரவுதான்.

எந்த வழியில் போனாலும் பாக்கெட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரால் இன்றைய எச்டிடிபிஎஸ் (குறியாக்கம் செய்த) தளங்களைத் திறக்க முடியாது. ஃப்ராக்ஃபைண்ட் என்ற தேடல் தளம் பழைய கருவிகளுக்காகவே பக்கங்களை வெறும் எழுத்தாகச் சுருக்கி, சாதாரண எச்டிடிபியில் தருகிறது. அதை முகப்புப் பக்கமாக வையுங்கள். இன்னும் கொஞ்சம் மெனக்கெடத் தயார் என்றால், பயண ரவுட்டருக்குப் பதிலாக ஈதர்நெட், வைஃபை இரண்டும் உள்ள ராஸ்பெரி பை 3-ஐ வைத்து, அந்தத் தளங்களை இடையில் நின்று திறந்து தரும் ஒரு ப்ராக்ஸியையும் அதிலேயே ஓட விடலாம். அடுத்து நான் செய்யப்போவது அதுதான்.