கெட்டிலா, ரைஸ் குக்கரா, இண்டக்‌ஷனா? விடுதிச் சமையலுக்கு முதலில் எதை வாங்குவது

கடைக்குப் போகும் முன் அறையில் உள்ள பிளக் பாயிண்ட்டைப் பாருங்கள். செல்போன் சார்ஜர் செருகும் சின்னத் துளைகள் என்றால் அது 6 ஆம்பியர் பாயிண்ட். நம் ஊர் 230 வோல்ட்டில் அது தாங்கும் உச்சம் 1,380 வாட். கீசர் பிளக் போகும் அளவுக்குத் துளைகள் பெரிதாக இருந்தால் 16 ஆம்பியர். எலெக்ட்ரீஷியன்கள் பவர் பிளக் என்பார்கள். கெட்டில் பெரும்பாலும் 1,500 வாட். இண்டக்‌ஷன் அடுப்பு 1,200 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். 1.8 லிட்டர் ரைஸ் குக்கர் 700 வாட்டோடு நின்றுவிடும்.

சின்ன பாயிண்ட் மட்டும் உள்ள அறையில் பயமில்லாமல் ஓடக்கூடியது ரைஸ் குக்கர்தான். பெரிய பிளக்கைச் சின்ன பாயிண்ட்டில் நுழைக்க ஒரு கன்வெர்ட்டர் கிடைக்கிறது, விலையும் மலிவு. பிளக் நுழைந்துவிடும், சுவருக்குள் ஓடும் ஒயர் மாறாது. பத்து நிமிடத்தில் பிளக்கைத் தொட்டால் சுடும், பிறகு பிளாஸ்டிக் கருகும் வாசனை வரும். நாலு பேர் லேப்டாப்பும் அயர்ன் பாக்ஸும் மாட்டியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இண்டக்‌ஷனைச் செருகினாலும் இதுதான் கதி. விடுதியில் அறைக்குள் சமைக்கவே கூடாது என்ற விதி இருந்தால், மாடியிலோ வராந்தாவிலோ உள்ள பொது பேன்ட்ரியில் பவர் பாயிண்ட் இருக்கிறதா என்று வார்டனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொருளை வாங்கிய பிறகு கேட்பதில் பயனில்லை.

கெட்டில்: தண்ணீர் காய்ச்சும் கருவி

மூன்றிலும் விலை குறைந்தது என்பதால் முதலாண்டு மாணவர்கள் முதலில் வாங்குவது இதைத்தான். ஒரு செமஸ்டருக்குள் கெட்டுப்போவதும் இதுதான். காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

தண்ணீர் கொதித்ததும் ஆவி, மூடிக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் துளை வழியாகக் கைப்பிடிப் பக்கம் இறங்கி, அங்கிருக்கும் இரட்டை உலோகத் தகட்டைச் சூடாக்குகிறது. தகடு வளைகிறது, சுவிட்ச் விழுகிறது. மூடி திறந்திருந்தால் ஆவி அந்த வழியே போகாது. கெட்டில் நிற்காமல் கொதித்துக்கொண்டே இருக்கும். பாலையோ நூடுல்ஸையோ போட்டால் நுரை எழும்பி அந்தத் துளைக்குள் புகுந்துவிடும். காய்ந்து அடைத்துக்கொண்ட துளையைச் சுத்தம் செய்ய வழியில்லை. பால் அடியில் ஒட்டிக் கருகும். அந்தப் படலம் சூட்டைத் தண்ணீருக்குப் போகவிடாமல் தடுப்பதால் அடித்தகடு அளவுக்கு மீறிச் சூடாகி, வறண்டு கொதிப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு சுவிட்ச் பாதியிலேயே நிறுத்திவிடும். ‘கெட்டில் பாதியிலேயே ஆஃப் ஆகிறது’ என்ற புகாரில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். அடிப்பக்கம் மின் இணைப்பு இருப்பதால் தண்ணீருக்குள் முக்கிக் கழுவவும் முடியாது.

தண்ணீர் மட்டும் காய்ச்சினால் கெட்டில் அருமையானது. 1 லிட்டர் தண்ணீர் 1,500 வாட்டில் நாலு நிமிடத்தில் கொதித்துவிடும், செலவு ஏறக்குறைய 0.1 யூனிட். அந்த வெந்நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றிச் சமைப்பதுதான் சரியான முறை. வீட்டிலேயே ரவையை நன்றாக வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, உப்பும் கலந்து டப்பாவில் கொண்டுவந்துவிடுங்கள். மூடி இறுக்கமான ஹாட் பாக்ஸில் முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி அலசிக் கொட்டுங்கள். குளிர்ந்த பாத்திரம் பாதிச் சூட்டைக் குடித்துவிடும், ரவை நறநறவென்று நிற்கும். பிறகு 1 டம்ளர் ரவைக்கு 2 டம்ளர் கொதிநீர் ஊற்றி, முள்கரண்டியால் கட்டியில்லாமல் கிளறி, 10 நிமிடம் மூடி வையுங்கள். கெட்டி அவலுக்கும் ஓட்ஸுக்கும் இதே வழிதான். காய்ந்த சேவை, இடியாப்ப வகைகளை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் போதும்.

நூடுல்ஸும் முட்டையும் கெட்டிலில்தான் வேண்டும் என்றால், அகல வாயும் சூடு கூட்டிக் குறைக்கும் திருகும் உள்ள மல்டி கெட்டிலை வாங்குங்கள். ஏறக்குறைய 600 வாட், கை உள்ளே போகும், துடைக்கலாம். ஆனால் அந்த விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் ரைஸ் குக்கரே வந்துவிடும் என்பதையும் யோசியுங்கள்.

ரைஸ் குக்கர்: ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் இது

வீட்டிலிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, ஊறுகாய் வந்துவிடுகிற பிள்ளைக்குத் தினமும் வேண்டியது சூடான சோறு. அதைச் சுவிட்சைத் தட்டிவிட்டு மறந்தாலும் செய்து தருவது இந்த ஒரு சாதனம். நிறுத்த மறந்து தூங்கிவிட்டாலும் கருகாது. நடுப்பகுதியில் ஸ்பிரிங்கோடு மேலும் கீழும் ஆடும் வட்டப் பொத்தான் இருக்கிறதே, அதற்குள் ஒரு காந்தம். தண்ணீர் இருக்கும் வரை பாத்திரத்தின் அடி 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றி 103 டிகிரி அளவுக்கு ஏறியதும் அங்குள்ள உலோகம் காந்த ஈர்ப்பை இழந்து விடுபடும், சுவிட்ச் ‘வார்ம்’ பக்கம் துள்ளும்.

இது புரிந்தால் பழுதுகளும் புரியும். சோறு அரைவேக்காட்டில் நின்றால், உள் பாத்திரத்துக்கும் சூட்டுத் தட்டுக்கும் நடுவே ஒரு பருக்கை கிடக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு பருக்கை பாத்திரத்தைத் தூக்கிவிடும். சூடு சரியாக ஏறாது, சுவிட்ச் முன்கூட்டியே விழும். பாத்திரத்தின் வெளிப்புறத்தை ஒவ்வொரு முறையும் ஈரம் போகத் துடைத்துத்தான் வைக்க வேண்டும்.

எத்தனை லிட்டர்? தனியாள் என்றாலும் 1.8 லிட்டரே வாங்குங்கள். 1 லிட்டர் குக்கரில் புழுங்கலரிசியும் பருப்பும் பொங்கி, மூடித் துளை வழியாகக் கஞ்சி வழிந்து, அடியில் உள்ள ஒயர் வரை இறங்கும். இந்தச் சின்ன குக்கர்களின் பெரிய குறை இதுதான்.

அளவுகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம். பச்சரிசி 1 டம்ளருக்கு 2 டம்ளர் தண்ணீர். பாஸ்மதி 20 நிமிடம் ஊறியிருந்தால் ஒன்றரை. பொன்னிப் புழுங்கலை அரை மணி நேரம் ஊறவைத்து 3 டம்ளர். சுவிட்ச் விழுந்ததும் திறக்காமல் 10 நிமிடம் விட்டால்தான் மேல் பருக்கையும் அடிப் பருக்கையும் ஒரே பதத்துக்கு வரும்.

ஒருவருக்கான பருப்பு சாதம் இப்படி: 150 மி.லி. டீ டம்ளரால் முக்கால் டம்ளர் பச்சரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு. இரண்டையும் கழுவி, மூன்றரை டம்ளர் தண்ணீர், கால் ஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு தக்காளி, கீறிய பச்சை மிளகாய் ஒன்று, நாலு பல் பூண்டு, அரை ஸ்பூன் சீரகம், முக்கால் ஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் நெய் சேர்த்துச் சுவிட்சைத் தட்டுங்கள். நெய் வாசனைக்கு மட்டும் இல்லை, பருப்பு நுரையை அடக்கவும் அது வேண்டும். அரை மணிக்குள் குழைவாக வெந்திருக்கும், கரண்டியால் மசித்துச் சாப்பிடலாம். பாசிப்பருப்புக்குப் பதில் துவரம்பருப்பைப் போட்டால் வராது. பிரஷர் இல்லாமல் துவரை வேக முக்கால் மணிக்கு மேல் ஆகும், அதற்குள் அரிசி கூழாகிவிடும்.

தாளிப்பில்தான் ரைஸ் குக்கர் தோற்கிறது. வெறும் எண்ணெயை ஊற்றி ‘குக்’ போட்டால் ஒன்றிரண்டு நிமிடத்தில் சூடு 103-ஐத் தாண்டி சுவிட்ச் துள்ளிவிடும். பலர் அப்போது சுவிட்சுக்கு அடியில் ஸ்பூனையோ மடித்த காகிதத்தையோ முட்டுக்கொடுத்து வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சூட்டை நிறுத்தும் ஒரே கட்டுப்பாட்டை அது முடக்குகிறது. உள்ளே உள்ள வெப்ப ஃபியூஸ் போய்க் குக்கர் செத்துவிடும், அது நல்ல நேரமென்றால். முதல் சூட்டிலேயே கடுகு பொரிந்துவிடும். உடனே வெங்காயத்தையும் தக்காளியையும் போட்டுவிட்டால் அவற்றின் ஈரம் சூட்டை இறக்கும். ஒரு நிமிடம் கழித்துச் சுவிட்சைக் கையால் தட்டினால் மறுபடி பிடிக்கும். தக்காளி சாதத்துக்கு இந்த வதக்கல் போதும். முட்டைப் பொரியலும் உருளை வறுவலும் வேண்டும் என்றால் இதில் போராடக் கூடாது.

இண்டக்‌ஷன்: நிஜமான அடுப்பு, கூடவே நிஜமான செலவு

அடுப்பின் விலையை மட்டும் பார்த்து வாங்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியச் சட்டியை வைத்துவிட்டு ‘பீப் பீப்’ சத்தத்தைக் கேட்டு விழிப்பது எல்லா விடுதியிலும் நடக்கிறது. இண்டக்‌ஷன் தன் கண்ணாடியைச் சூடாக்குவதில்லை. அடியில் உள்ள செம்புச் சுருள் காந்தப் புலத்தை உண்டாக்கி, பாத்திரத்தையே சூடாக்குகிறது. காந்தம் ஒட்டும் அடி வேண்டும். அலுமினியம், செம்பு, மண் சட்டி எதுவும் ஆகாது. எவர்சில்வரிலும் சில ஒட்டும், சில ஒட்டாது. கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். 2 அல்லது 3 லிட்டர் இண்டக்‌ஷன் அடி குக்கரும், அடி கனமான ஒரு வாணலியும் சேர்த்தால் அடுப்பின் விலை இன்னொரு மடங்கு ஆகிவிடும். நாலு பேர் பங்கிட்டு வாங்கினால் மட்டுமே கட்டுப்படியாகும்.

வாங்கிவிட்டால், வீட்டுச் சமையலில் முக்கால் பங்கு சாத்தியம்: சாம்பார், முட்டைக் குழம்பு, பொரியல், சப்பாத்தி. கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் இதில் வைத்த பிரஷர் குக்கரில்தான். அரைகுறையாக வெந்த ராஜ்மா வயிற்றைப் புரட்டி வாந்தி எடுக்க வைக்கும்; இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, நசுக்கினால் மாவாக மசியும்வரை வேகவிட வேண்டும்.

இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, 1,800 வாட்டில் தாளிப்பது. மெல்லிய அடிப் பாத்திரத்தில் எண்ணெய் சில நொடிகளில் புகையும், கடுகு வெடிப்பதற்குள் கருகும். தாளிக்க 800 வாட் போதும். எண்ணெய் ஊற்றிய பிறகே அடுப்பைப் போடுங்கள். இன்னொன்று, விசில் கணக்கு. கேஸ் அடுப்பில் மூன்று விசிலில் வெந்த பொன்னி அரிசி இங்கே நறுக்கென்று இருக்கும். முழு வாட்டில் ஆவி சட்டென்று ஏறி விசில்கள் அடுத்தடுத்து வந்துவிடும், அரிசிக்கு வேக நேரமே கிடைக்காது. முதல் விசிலோடு 800 வாட்டுக்கு இறக்கி, பிறகு விசிலை எண்ணாமல் 10 நிமிடம் கடிகாரத்தைப் பாருங்கள்.

தோசைக்கு இண்டக்‌ஷன் சுமார்தான். இரும்புக் கல் காந்தத்தில் ஒட்டும், ஆனால் சுருள் இருக்கும் நடுவட்டம் மட்டும் சிவந்து ஓரம் வெள்ளையாக நிற்கும். குறைந்த வாட்டில் 5 நிமிடம் கல்லைக் காயவிட்டு, தோசையைச் சுருளின் அளவுக்குச் சின்னதாக ஊற்றினால் சமாளிக்கலாம். கல்லைக் கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள். சமைத்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்காதீர்கள். உள்ளே மின்விசிறி ஓடி நிற்கும் வரை பொறுங்கள்.

கரண்ட் செலவு பற்றிய பயம் தேவையற்றது. 700 வாட் குக்கர் 25 நிமிடம் ஓடினால் 0.29 யூனிட், இண்டக்‌ஷன் 1,200 வாட்டில் 12 நிமிடம் என்றால் 0.24. பிஜி உரிமையாளர் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கினாலும் ஒரு வேளைக்கு மூன்று ரூபாய்க்குள்தான். யோசிக்க வேண்டியது வோல்டேஜ். மாலையில் 180-க்கு இறங்கும் பகுதிகளில் 1,500 வாட் கெட்டில் ஏறக்குறைய 920 வாட்டாகத்தான் வேலை செய்யும், ஏனென்றால் சுருளின் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. கெட்டிலும் குக்கரும் தாமதமாகவாவது முடித்துத் தரும். இண்டக்‌ஷன் வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போனால் எரர் காட்டி நின்றுவிடும்.

தனி வீடு எடுத்துத் தங்குபவர்களுக்கு 5 கிலோ கேஸும் ஒரு வழி. இந்தியன் ஆயில் ‘சோட்டு’ என்ற பெயரில் விற்கிறது, முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை காட்டி வாங்கலாம். தோசைக்கு அதுதான் சிறந்தது. ஜன்னல் இல்லாத அறைக்குள், கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பதற்கு மட்டும் எந்த நிலையிலும் நாங்கள் சரி சொல்ல மாட்டோம்.

எதில் வடித்தாலும், ராத்திரிச் சோறு வெறுமனே வெளியில் கிடந்தால் காலையில் சூடுபடுத்திச் சாப்பிடாதீர்கள். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. மீந்ததை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் அளவாக வடியுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் இறுதியாண்டு மாணவர்கள் அறையைக் காலி செய்யும்போது மூன்றுமே பாதி விலைக்குக் கிடைக்கும். கெட்டிலை வாங்கும்போது 1 லிட்டர் தண்ணீர் காய்ச்சி, கொதித்ததும் தானாக நிற்கிறதா என்று பாருங்கள். குக்கரில் நடுப் பொத்தானை அழுத்தினால் தங்குதடையின்றி மேலே எழும்ப வேண்டும். இண்டக்‌ஷனில் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மயிரிழை விரிசல் தெரிந்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள். பொங்கி வழியும் தண்ணீர் அதன் வழியாக உள்ளே உள்ள போர்டுக்கு இறங்கும். மூன்றுக்கும் பொதுவாக, பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திப் பிளக்கைக் கழற்றி அதன் பின்களைப் பாருங்கள். கறுத்திருந்தால் அந்தப் பொருள் ஏற்கெனவே ஓர் அறையில் ஒயரைச் சுட்டுவிட்டு வந்திருக்கிறது.