பாலாமைக்கு எந்தப் பேனா?

ராமநாதபுரம் கடற்கரையில் ஆமை என்றாலே மன்னார் வளைகுடாவின் கடலாமைதான் நினைவுக்கு வரும். நான் வரைவது கண்மாயில் கிடக்கும் பாலாமையை. துடுப்புக் கால் கிடையாது. ஜவ்வு படர்ந்த பாதம், காலுக்கு மூன்று நகம், குழாய் மாதிரி மூக்கு. ஓட்டில் கட்டம் கட்டமாகச் செதில் இருக்காது, வழவழப்பான தோல்தான் மூடியிருக்கும். பேனா எது என்பதை அந்தத் தோல்தான் முடிவு செய்கிறது.

மையில் தொட்டு வரையும் நிப்பை அழுத்தினால் பிளவு விரிந்து கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். கழுத்தை உள்ளே இழுக்கும்போது விழும் மடிப்புகளுக்கு இதற்கு ஈடே இல்லை. பள்ளத்தில் தடிப்பாகத் தொடங்கி, மேடேறும் இடத்தில் மயிரிழையாக விட்டுவிடலாம், எல்லாம் ஒரே இழுப்பில். ஆனால் கண்மாய்க் கரைக்கு இது சரிப்படாது. ஆடி மாதக் கச்சான் காற்றில் நிப்பிலேயே மை காய்ந்துவிடும். உப்புக்காற்றில் சீக்கிரம் துருவும் பிடிக்கும். துடைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவித்தான் வைக்கிறேன். மறுபடி எடுக்கும்போது எண்ணெயைச் சுத்தமாகத் துடைக்காவிட்டால் மை நிப்பில் ஒட்டாது.

மைக்ரான் என்கிற, மை உள்ளேயே இருக்கும் நார்முனைப் பேனாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. 005 என்று போட்டிருப்பதில் கோடு 0.20 மி.மீ. அழுத்தினாலும் தடிக்காது, முனைதான் நசுங்கும். மடிப்புகள் இதில் உயிரில்லாமல் போகின்றன. ஓட்டுக்கோ இதுதான் வேண்டும். புள்ளிகள் ஒரே அளவில் விழுவதால், நெருக்கத்தை மட்டும் வைத்தே வளைவைக் கொண்டுவரலாம். வெயில் படும் உச்சியில் கட்டைவிரல் நகமளவு தாளை வெள்ளையாகவே விடுவேன். அதைச் சுற்றிப் புள்ளிகள் எட்ட எட்ட, விளிம்புக்கு வர வர நெருக்கமாக. ஈரத்தோலின் மினுமினுப்பு அப்படியே வந்துவிடும். முன்பு இதே ஓட்டில் குறுக்குக் கோடுகள் போட்டுப் பார்த்தேன். செதில் ஓடு போலத் தெரிந்தது, கிழித்துவிட்டேன்.

ஓட்டில் மூன்று வரம்பு ஓடுகிற கறுப்புக் குளத்து ஆமையை வரைவதானால் நிப்பே போதும், வரம்புகளுக்குத் தடித்து மெலியும் கோடுதான் பொருத்தம்.

பாலாமையை மாடலுக்காகக் கையில் எடுத்துவர வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. கோடையில் கண்மாய் வற்றினால் சேற்றுக்குள் புதைந்துவிடும், அதனால் தண்ணீர் இருக்கும்போதே தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 005 போதும். நான் கரையில் மைக்ரானில் ஓட்டை முடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து, காற்றாடியை நிறுத்திவிட்டு, கழுத்தையும் கண்ணையும் நிப்பில் வரைகிறேன்.