பத்தமடை அம்மாவின் படம் பிளாஸ்டிக் பாய் விளம்பரத்துக்குப் போன விதம்: படம் விற்கும் தளங்கள் பற்றி ஓர் எச்சரிக்கை

திருநெல்வேலிப் பக்கம் கேமரா வைத்திருக்கிற நண்பர்களே, இன்ஸ்டாகிராமில் ஓவியம் போடுகிற தங்கச்சிமாரே, உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு "எங்கள் தளத்தில் ஏற்றுங்கள் சார், விற்கிற பணத்தில் பாதி உங்களுக்கு" என்று யாராவது போன் பண்ணினால், சரி சொல்வதற்கு முன்னால் இதை ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள். என்னிடம் அப்படிப் பேசிப் படங்களை வாங்கிய ஒரு தளம், நான் சம்மதமில்லை என்று எழுதி அனுப்பிய பிறகும் அவற்றை வேறு எங்கெங்கோ விற்று, பத்தமடையில் பாய் நெய்கிற ஓர் அம்மாவை பிளாஸ்டிக் பாய் விளம்பரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. வக்கீல் நோட்டீஸ் போகவேண்டியிருப்பதால் தளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் நடந்துகொள்கிற விதத்தைச் சொல்கிறேன், அதை வைத்தே உஷாராகிவிடலாம்.

நான் பாளையங்கோட்டைக்காரன். வேலை வேறு, லீவு நாளில் கேமரா. கூந்தன்குளத்தில் சங்குவளை நாரை கூடு கட்டுகிற பருவம், ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வடம் பிடித்துத் திரும்புகிற இடம், தாமிரபரணியில் வெள்ளம் வந்து குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சூழ்கிற நாள் என்று நம்ம ஊரில் படத்துக்குப் பஞ்சமே இல்லை. அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அந்தத் தளத்திலிருந்து ஒருவர் பேசினார். நல்ல தமிழ், நல்ல மரியாதை. மூன்று விஷயம் சொன்னார்: அதே படங்களை நான் வேறு இடத்திலும் விற்றுக்கொள்ளலாம், பாதிப் பணம் எனக்கு, ஒவ்வொரு படத்துக்கும் 'எடிட்டோரியல் மட்டும்' என்று நானே குறித்துக்கொள்ளலாம். சொன்னதை மெயிலிலும் அனுப்பச் சொன்னேன், அனுப்பினார். அந்த மெயில் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது, இப்போது கையில் இருக்கிற ஒரே பிடி அதுதான்.

எடிட்டோரியல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்திரிகை, பாடப்புத்தகம், செய்தி, ஒரு தொழிலைப் பற்றிய கட்டுரை, இதற்கெல்லாம் அந்தப் படத்தைப் போடலாம். பொருள் விற்கிற விளம்பரத்துக்குப் போடக்கூடாது. படத்தில் ஆள் அடையாளம் தெரிந்தால், விளம்பரத்துக்குக் கொடுக்க அந்த ஆளிடம் 'மாடல் ரிலீஸ்' என்ற சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கவேண்டும், இது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிற நடைமுறை. நான் அந்த அம்மாவிடம் அந்தப் படிவத்தை நீட்டவே இல்லை, ஏனென்றால் விளம்பரத்துக்குக் கொடுக்கிற எண்ணமே எனக்கு இல்லை.

அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பத்தமடைக் கோரைப்பாய் உங்களுக்குத் தெரியும், புவிசார் குறியீடு வாங்கியது, மெல்லிசாக நெய்தால் பட்டுத்துணி மாதிரி மடியும். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, கத்தியால் நாராகக் கீறி, சாயம் ஏற்றி, அப்புறம் தரையில் கட்டிய தறியில் பாவு நூலுக்கு நடுவே ஒவ்வொரு கோரையாகக் கொடுத்து நெய்யவேண்டும். அந்த அம்மா தறியின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து, சிவப்புச் சாயம் ஏறிய ஈரக் கோரை ஒன்றை விரலால் நீவிக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்தது. கோரை கீறிக் கீறிக் கட்டைவிரலின் உள்பக்கம் காய்த்துப்போயிருக்கும், அதன் மேல் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. ஜன்னல் வெளிச்சம் நேராக அந்தத் தழும்பில் விழுந்தது. முகம் பாதி தெரியும். எடுப்பதற்கு முன்னாலேயே அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, "இதை வச்சு எவனும் பாய் விக்க மாட்டாம்லா தம்பி?" என்பதுதான். மெஷின் பாயையும் பிளாஸ்டிக் பாயையும் பத்தமடை என்று சொல்லி விற்கிறவர்களால் அவர்கள் பிழைப்பே ஆட்டம் கண்டுகொண்டிருக்கிறது. மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். தளத்தில் ஏற்றும்போது எடிட்டோரியல் என்று குறித்தேன், அதற்கு ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கிறது.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நாரைப் படங்கள் ஒன்றிரண்டு விற்றன, கணக்கில் டாலர் ஏறியது. பிறகு ஒரு மெயில் வந்தது, 'எங்கள் நிபந்தனைகளை மேம்படுத்தியிருக்கிறோம்' என்று. பக்கம் பக்கமாக இங்கிலீஷ். உட்கார்ந்து படித்தேன். நடுவில் மூன்று வரி: நம் படங்களை அவர்கள் தங்கள் 'பார்ட்னர்' தளங்களுக்கு மறு உரிமம் கொடுப்பார்கள், அங்கே விற்கும்போது நாம் குறித்த கட்டுப்பாடுகள் பொருந்தாமல் போகலாம், இந்த உரிமம் உலகம் முழுக்க, காலவரையின்றி, திரும்பப் பெற முடியாதது. கூடவே செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி. கணக்கை மூடாமல் வைத்திருந்தால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வோம் என்றும் போட்டிருந்தது. அன்றைக்கே எனக்குச் சம்மதமில்லை என்று பதில் எழுதி, எல்லாப் படத்தையும் நீக்கச் சொன்னேன். நீக்க 90 நாள் ஆகும் என்று பதில். ஏற்ற ஒரு நிமிஷம், இறக்க மூன்று மாசம். பத்தமடைப் படம் அந்த இடைவெளியில்தான் பார்ட்னர் தளத்துக்குப் போயிருக்கிறது.

எனக்கு அது தெரியவந்தது அந்த அம்மாவின் பேரன் மூலம். சேரன்மகாதேவியில் படிக்கிற பையன், போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோது 'ஒரிஜினல் பத்தமடைக் கைநெசவுப் பாய், 40 சதவீதம் தள்ளுபடி' என்று விளம்பரம் வர, அதில் தன் பாட்டியைப் பார்த்திருக்கிறான். கீழே விற்கிற பாய் முழுக்க பிளாஸ்டிக். அம்மா எனக்குப் போன் பண்ணினார்கள். சத்தம்கூடப் போடவில்லை. "என்ன தம்பி, எங்கையக் காட்டி எவனோ பிளாஸ்டிக் பாய் விக்கானாம்லா. தெருவுல எல்லாரும் எவ்வளவு துட்டு வாங்குனேன்னு கேக்காவ. நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார்கள். மறுநாள் நேரில் போய் எல்லா மெயிலையும் காட்டி, அந்தப் பையனை விட்டே படித்துச் சொல்லச் சொன்னேன். நம்பினார்கள். ஆனாலும் தெருவில் அத்தனை பேருக்கும் அவர்கள் போய் மெயிலைக் காட்டிக்கொண்டிருக்க முடியாது, அந்தப் பேச்சு அவர்கள் மேல்தான் நிற்கிறது. இதற்கு எந்த நஷ்டஈடு கேட்பது?

அந்தப் பாய்க் கடைக்காரர் வேற மாநிலம். அவரைத் தொடர்புகொண்டால், பாவம், நான் பணம் கட்டித்தான் வாங்கினேன் என்று ரசீதை அனுப்பினார். நான் பெயரே கேள்விப்படாத இன்னொரு தளத்தின் ரசீது, 'வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டு' என்று அதில் அச்சாகியிருக்கிறது. என் பெயருக்குப் பதில் ஒரு எண். என் மெயில்களைப் பார்த்ததும் அவர் படத்தை எடுத்துவிட்டார், அதற்கு அவருக்கு நன்றி சொல்லவேண்டும். என் கணக்கில் அந்த விற்பனை 'பார்ட்னர் விற்பனை' என்று ஒரு டாலருக்கும் குறைவாக ஏறியிருந்தது. பாதிக்குப் பாதி என்ற பேச்சு எங்கே, இது எங்கே? இதைக் கேட்டு எழுதினால் மெஷின் பதில் வருகிறது, டிக்கெட் எண் வருகிறது. குறைந்தபட்சம் 50 டாலர் சேர்ந்தால் பணம் எடுக்கலாம் என்று இருந்ததை நான் அதை நெருங்குகிற சமயத்தில் 100 ஆக்கினார்கள். நான் விடாமல் எழுதவும் 'சந்தேகத்துக்கிடமான செயல்பாடு' என்று கணக்கையே பூட்டிவிட்டார்கள். உள்ளே இருந்த பணமும் போச்சு, விற்பனைக் கணக்கைப் பார்க்கிற வழியும் போச்சு.

எல்லாத் தளமும் இப்படி என்று சொல்லவில்லை. பெரிய தளங்களில் கிடைக்கிறது கொஞ்சம்தான், ஆனால் கொஞ்சம் என்பதை எழுதி வைத்திருக்கிறார்கள். அடோபி ஸ்டாக்கில் புகைப்படத்துக்கு 33 சதவீதம். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் 15 முதல் 40 சதவீதம் வரை படிநிலை வைத்து, ஒவ்வொரு ஜனவரியிலும் எல்லோரையும் கீழ்ப்படிக்கே திருப்பி அனுப்புகிற முறையைக் கொண்டுவந்தபோது உலகம் முழுக்கப் படக்காரர்கள் சண்டை போட்டார்கள். அங்கேயும் நிபந்தனை மாறும், படிக்கத்தான் வேண்டும். வரி விஷயத்திலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அமெரிக்கத் தளங்கள் டபிள்யூ-8 பென் என்ற படிவம் கேட்கும், பான் எண் கொடுத்து அதை நிரப்பினால் அந்த நாட்டு வருமானத்துக்கு வரியாக 30 சதவீதம் பிடிப்பது 15 ஆகக் குறையும். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. வரிப் படிவத்துக்கோ கணக்கு சரிபார்ப்புக்கோ பணம் கட்டச் சொல்கிற இடத்திலிருந்து உடனே வெளியே வந்துவிடுங்கள்.

பணம் கட்டச் சொல்வது என்றதும் ஞாபகம் வருகிறது. ஓவியம் வரைகிற பிள்ளைகளுக்கு இன்னொரு வலை விரித்திருக்கிறார்கள். என் சித்தி மகளுக்கு ஒரு வெளிநாட்டு ஆள் மெசேஜ் அனுப்பி, உன் ஓவியத்தை என்எஃப்டியாக, அதாவது இணையத்தில் பதிவாகிற டிஜிட்டல் உரிமைச் சான்றாக, வாங்கிக்கொள்கிறேன் என்று பெரிய தொகை சொல்லி, ஒரு தளத்தின் முகவரியைக் கொடுத்து, அதில் ஏற்ற 'கேஸ் ஃபீ' என்கிற பதிவுக் கட்டணம் மட்டும் நீ கட்டு என்றான். வாங்குகிறவன் விற்கிறவளிடம் ஏன் பணம் கட்டச் சொல்கிறான் என்று அவள் கேட்டதும் ஆளைக் காணோம். ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் இருந்தால் வெட்கப்படாமல் 1930க்குப் போன் பண்ணுங்கள், சைபர் குற்றத்துக்கான எண் அது, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

சட்டத்தில் நமக்கு இடம் இருக்கிறது, நம்மில் பலருக்கு அது தெரிவதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவர்தான் அதன் ஆசிரியர், பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு, ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 60 ஆண்டும். உரிமையை மாற்றிக் கொடுக்கும்போது எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த இடத்துக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டமே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் இந்தத் தளங்கள் 'உலகம் முழுக்க, காலவரையின்றி' என்று மறக்காமல் எழுதிவைக்கின்றன, அந்த வார்த்தைகள் வந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு நமக்கு உதவாது. அனுமதியில்லாமல் நம் படம் ஒரு தளத்தில் இருந்தால் 2013ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதிப்படி எழுத்தில் புகார் கொடுக்கலாம், 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அதை நிறுத்தவேண்டும், 21 நாளுக்குள் நாம் கோர்ட் உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அப்புறம், 62ஆம் பிரிவு நாம் குடியிருக்கிற ஊர் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட இடம் தருகிறது. தளத்தோடு நாம் செய்த ஒப்பந்தத்தில் 'தகராறு வந்தால் வெளிநாட்டில்தான் தீர்வு' என்று இருந்தால் அதை வைத்து இழுத்தடிப்பார்கள், ஆனால் நம் படத்தை எடுத்துப் போட்ட மூன்றாம் ஆளோடு நமக்கு ஒப்பந்தமே கிடையாது, அங்கே இந்தப் பிரிவு கைகொடுக்கும்.

இணையத்தில் போட்டுவிட்டாயே, அப்புறம் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2010இல் ஹைத்தி பூகம்பத்தின்போது டேனியல் மோரல் என்ற புகைப்படக்காரர் ட்விட்டர் வழியாகப் போட்ட படங்களை ஏஎஃப்பி என்ற செய்தி நிறுவனமும் கெட்டி என்ற பட நிறுவனமும் எடுத்து விநியோகித்தன. 2013இல் நியூயார்க் ஜூரி அவருக்கு 12 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. போட்டுவிட்டதாலேயே ஊர்ச் சொத்து ஆகிவிடாது.

வண்ணார்பேட்டை, டவுன் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிற அண்ணன்மாருக்குத் தனியாக ஒன்று. கல்யாண வீட்டார் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சட்டப்படி அவர்கள்தான் முதல் உரிமையாளர். பொண்ணு மாப்பிள்ளை படம் அழகாக வந்திருக்கிறது என்று அதை இந்த மாதிரித் தளத்தில் ஏற்றாதீர்கள், நாளைக்கு அந்தப் பொண்ணு படம் ஏதாவது மேட்ரிமோனி விளம்பரத்திலோ அதைவிட மோசமான இடத்திலோ வந்தால் அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்கப்போவது நீங்கள்தான்.

இப்போது என் நிலைமை: பார்ட்னர் தளம் 75ஆம் விதிப் புகாருக்குப் பிறகு பத்தமடைப் படத்தை எடுத்திருக்கிறது, 21 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் கோர்ட்டுக்குப் போக பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் பேப்பர் தயார் பண்ணுகிறார். அவர் என்னிடம் முதலில் கேட்டது கேமராவில் பதிவான ஒரிஜினல் ரா ஃபைல், ஏற்றிய நாளில் இருந்த நிபந்தனைகளின் பிரதி, எடிட்டோரியல் என்று குறித்த ஸ்கிரீன்ஷாட், சம்மதமில்லை என்று எழுதிய மெயில். வாட்சப்பில் அனுப்பிய படத்தை மட்டும் வைத்திருந்தால் உதவாது, அதில் எடுத்த தேதி, கேமரா விவரமெல்லாம் போய்விடும். நீங்கள் எந்தத் தளத்தில் ஏற்றியிருந்தாலும் அன்றன்றைக்கு நிபந்தனைப் பக்கத்தை பிடிஎஃப்பாகச் சேமித்துவிடுங்கள், அவர்கள் மாற்றிய பிறகு பழையது கிடைக்காது.

இதே மாதிரி 'மேம்படுத்திய நிபந்தனைகள்' மெயில் வந்து, நீக்கச் சொன்னால் 90 நாள் என்று பதில் வாங்கியவர்கள் அம்பாசமுத்திரம் பக்கம் ரெண்டு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கிறது. வேறு யாராவது இருந்தால் கணக்கை மூடுவதற்கு முன்னால் விற்பனைக் கணக்கு முழுவதையும் டவுன்லோடு பண்ணி வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே நோட்டீஸாக அனுப்பலாம் என்று வக்கீல் சொல்கிறார், அதற்கு இந்த மாசக் கடைசிக்குள் பேப்பர் கைக்கு வரவேண்டும்.