வெயிலில் எடுக்கும் படத்தில் முகம் இருளாமல் இருக்க: 5-இன்-1 ரிஃப்ளெக்டர் வாங்கலாமா?

உச்சி வெயிலில் ஒருவரை நிற்க வைத்துப் படம் எடுத்தால் நெற்றியும் மூக்கு நுனியும் மின்னும், கண்குழி இரண்டும் இருண்டுவிடும். சரி, வெயிலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள் என்றால் முடியோரத்தில் வெளிச்சக் கோடு அழகாக விழும், ஆனால் முகம் முழுக்க நிழலுக்குள் போய்விடும். 'ரா-வில் (கேமரா பதிவதை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுத்துடுங்க, எடிட்டில் ஷேடோவைத் (இருண்ட பகுதியை) தூக்கிக்கலாம்' என்பதுதான் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் யோசனை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெயிலை முகத்தின் பக்கம் திருப்பிவிடும் மடக்கு வட்டத் துணிதான் ரிஃப்ளெக்டர்; வெள்ளை, வெள்ளி, தங்கம், கறுப்பு, உள்ளே ஒரு டிஃப்யூசர் என ஐந்தும் இருப்பதால் 5-இன்-1. 42 இஞ்ச் அளவில் ஒன்றைக் கல்யாண அவுட்டோர் ஷூட்களில் பயன்படுத்தி வருகிறேன், 1,500 ரூபாய்க்குள் வாங்கியது, இன்றைக்கு என் பையில் லென்ஸுக்கு அடுத்தபடி முக்கியமான பொருள் அதுதான்.

காரணம் வெளிச்சத்தின் அளவு மட்டும் இல்லை, நிறமும்தான். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் ஏற ஏற நீலம் கூடும். நேர் வெயில் சுமார் 5500 கெல்வின் என்றால், வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகத்தில் விழுவது பெரும்பாலும் நீல வானத்தின் வெளிச்சம், அது 7000-க்கும் மேலே போகும். கீழே புல்வெளி இருந்தால் தாடையில் பச்சையும் ஏறும். இந்த முகத்தை எடிட்டில் ஷேடோ ஸ்லைடரால் வெளிச்சமாக்கும்போது அந்த நீலமும் பச்சையும் சேர்ந்தே எழும்பி வரும். நம் மாநிறமும் கறுப்பும் சாம்பல் பூத்த மாதிரி ஆவது இதனால்தான், அப்புறம் பலர் அதைச் சரிசெய்ய முகத்தையே வெளுக்க வைத்து அனுப்புகிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. ரிஃப்ளெக்டரில் பட்டுத் திரும்புவது அதே வெயில் என்பதால் முடியில் விழும் நிறமும் முகத்தில் விழும் நிறமும் ஒத்துப்போகும். கண்ணுக்குள் ஒரு வெளிச்சப் புள்ளியும் கிடைக்கும், எந்த ஸ்லைடரும் அதைத் தராது.

ஐந்து பக்கமும் சமமாகப் பயன்படாது. நான் அதிகம் எடுப்பது வெள்ளை. மென்மையான வெளிச்சம், ஆனால் நான்கைந்து அடிக்குள் கொண்டுபோனால்தான் வேலை செய்யும், அதனால் முகமும் தோளும் மட்டும் வரும் படங்களுக்குச் சரி. முழு உருவம் வேண்டுமென்றால் வெள்ளி, தூரத்திலிருந்தும் எட்டும், ஆனால் கண் கூசும். மாப்பிள்ளை பெண் இருவரையும் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணித் திறந்தவுடன் எடுக்க வேண்டியிருக்கும். தங்கப் பக்கத்தை நான் தொடுவதே இல்லை. நம் தோலில் ஏற்கெனவே மஞ்சளும் சிவப்பும் இருக்கிறது, அதன் மேல் இதுவும் சேர்ந்தால் மஞ்சள் பூசிக் குளித்த முகம்போல ஆகிவிடுகிறது. கறுப்பை வீண் என்று ஒதுக்காதீர்கள். மேகமூட்டமான நாளில் வெளிச்சம் தலைக்கு மேலிருந்தே கொட்டும், அப்போது கறுப்பைத் தலைக்கு மேலே பிடித்தால் மேல் வெளிச்சம் அடங்கி, முன்னாலிருந்து வரும் வெளிச்சம் கண்குழிக்குள் போகும்.

உறையைக் கழற்றினால் உள்ளே இருக்கும் டிஃப்யூசர்தான், அதாவது வெயிலைத் தன் வழியே விட்டு மென்மையாக்கும் வெள்ளைத் துணிதான், உச்சி வெயிலுக்கு மருந்து. வெயிலுக்கும் முகத்துக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். மரத்தடியில் முகத்தில் திட்டுத் திட்டாக விழும் இலை வெயிலையும் இது சமப்படுத்தும். முகத்தில் மட்டும் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி, ஏறினால் இரட்டிப்பு) வெளிச்சம் குறையும் என்பதால் பின்னணி வெளுத்துப்போக வாய்ப்பு உண்டு, மாமல்லபுரம் மாதிரி இடத்தில் கடலை விட்டுவிட்டுப் பாறைப் பக்கம் திருப்பி நிறுத்துங்கள்.

எப்படிப் பிடிப்பது என்பதில்தான் நிறைய படங்கள் கெடுகின்றன. தரையில் சாய்த்து வைத்தால் கீழிருந்து அடித்துப் பேய் முகமாகிவிடும், நெஞ்சுக்கும் முகத்துக்கும் இடைப்பட்ட உயரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். கட்டாயம் ஓர் ஆள் தேவை. கடற்கரைக் காற்றில் பாய்மரம் மாதிரி இழுக்கும், ஸ்டாண்டை நம்பி விட்டுவிட்டுப் போக முடியாது. பத்துப் பேர் நிற்கும் குடும்பப் படத்துக்கு இது பத்தாது, எல்லோரையும் கட்டட நிழலுக்கு நகர்த்துவதே மேல்.

ஃபிளாஷ் போதாதா என்று கேட்பவர்களுக்கு: வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 2.8 வைத்தால் ஷட்டர் 1/3200 நொடி அளவுக்குப் போகும், ஆனால் பெரும்பாலான கேமராக்களின் சிங்க் வேகம், அதாவது ஃபிளாஷோடு சேர்ந்து இயங்கும் அதிகபட்ச ஷட்டர் வேகம், 1/200, 1/250 அளவில்தான் நிற்கும். அதைத் தாண்ட ஃபிளாஷில் ஹை ஸ்பீட் சிங்க் என்ற வசதியைப் போட வேண்டும், அதில் ஃபிளாஷின் பலம் நன்றாகவே குறைந்துவிடும், சின்ன ஃபிளாஷை வெயிலோடு மோத விட முடியாது.

எடிட்டிங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. லைட்ரூம் கிளாசிக் என்ற எடிட்டிங் மென்பொருளில் 2022 அக்டோபரில் வந்த பீப்பிள் மாஸ்க், படத்தில் இருப்பவரை முகத் தோல், உதடு, கண், முடி என்று தனித்தனியாகப் பிரித்துத் தருகிறது, அருமையான வசதி. முகத் தோலை மட்டும் தேர்ந்தெடுத்து அரை ஸ்டாப், மிஞ்சினால் ஒரு ஸ்டாப் ஏற்றி, நீலம் குறைய டெம்பரேச்சரைக் கொஞ்சம் மஞ்சள் பக்கமும், பச்சை குறைய டின்ட்டை மெஜந்தா பக்கமும் நகர்த்துங்கள். கழுத்தை மறந்தால் முகம் ஒட்டவைத்தது போல் இருக்கும், அதே மாஸ்க்கில் உள்ள பாடி ஸ்கின்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஸ்டாப் தூக்க வேண்டிய படம் என்றால் நாய்ஸ் (மணல் தூவிய மாதிரி புள்ளிகள்) வந்துவிடும், ரா இல்லாமல் ஜேபெக் என்றால் அதற்கு முன்பே நிறம் உடையும்.

வாங்கும்போது விளிம்புத் தையலையும் ஜிப்பையும் இழுத்துப் பாருங்கள், என்னுடையதில் வெள்ளிப் பக்கத் தையல் சீக்கிரமே பிரிந்து நானே தைத்துக்கொண்டேன். 32 இஞ்ச் ஒருவருக்கு மட்டும்தான், ஜோடிப் படங்களுக்கு 42 எடுங்கள். மடித்த வளையம் விரியும்போது விசையோடு அடிக்கும், குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் தள்ளி நின்று திறங்கள்.