கிருஷ்ணகிரி, தருமபுரியில் ஏ.டி.எச்.டி.க்கு மருத்துவர் தேடும் பெற்றோருக்கு

எங்கள் வீடு காவேரிப்பட்டினத்தில் இருக்கிறது. நான்காம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) இருப்பதை உறுதிசெய்து, மாத்திரை எழுதித் தந்து, அதன் பிறகும் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு மருத்துவரைக் கண்டடைய எங்களுக்கு ஏழு மாதங்கள் ஆயின. இப்போது தருமபுரியில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டிவருகிறோம். தம் பெயர் பொதுவில் வருவதை அவர் விரும்பவில்லை என்பதால், பெயரை மட்டும் விட்டுவிட்டு, அவருடைய சேவையில் கண்ட நிறைகளையும் குறைகளையும் எழுதுகிறேன்.

அவரிடம் போய்ச் சேர்வதற்கு முன் மூன்று இடங்களில் அலைந்தோம். முதலில் பார்த்த குழந்தை நல மருத்துவர், "ஆண் பிள்ளை அப்படித்தான் இருப்பான், வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லி ஒரு சத்து டானிக் எழுதினார். நான் கொண்டுபோயிருந்த கணக்கு நோட்டை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கணக்குகள் ஒழுங்காக இருக்கும். மூன்றாவது பாதியில் நிற்கும். நான்காவதற்கு வரிசை எண் மட்டும் போட்டிருக்கும். வாயால் கேட்டால் அத்தனை விடைகளையும் சரியாகச் சொல்லும் பிள்ளை அவன். இரண்டாவதாகச் சென்ற ஆலோசனை மையத்தில் மூன்று முறை வரவழைத்துப் பரிசோதனைகள் செய்துவிட்டு, கடைசி நாளில்தான் தங்களால் மருந்து எழுத முடியாது என்று தெரிவித்தார்கள். உளவியலாளர் மதிப்பீடு செய்யலாம், பயிற்சி அளிக்கலாம். மருந்து எழுதும் உரிமை மருத்துவருக்கு மட்டுமே உண்டு. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு மாதங்கள் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவதாக, கைபேசிச் செயலி ஒன்றில் பணம் கட்டிக் காணொலியில் ஒரு மருத்துவரைப் பார்த்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் இந்த நோய்க்குப் பெரும்பாலும் முதலில் தரப்படும் மெத்தில்பெனிடேட் மாத்திரையைக் காணொலி வழியே எழுதக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். 2020-ஆம் ஆண்டு வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள், அட்டவணை எக்ஸ் எனப்படும், கடுமையான கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் உள்ளவற்றையும், போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளையும் தொலைவிலிருந்து எழுதுவதைத் தடைசெய்கின்றன. மெத்தில்பெனிடேட் இரண்டிலுமே வருகிறது. இந்தத் தடை இருப்பது தெரிந்தும், பணம் கட்டுவதற்கு முன் அதைப் பற்றி அந்தச் செயலி ஒரு வரி கூடச் சொல்லாததுதான் என் மனக்குறை.

தருமபுரி மருத்துவரிடம் முதல் நாள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். அதே கணக்கு நோட்டை அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் தொடங்கியிருக்க வேண்டும், வீடு பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது அவை தென்பட வேண்டும், ஆறு மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும் என்பதை விளக்கி, பெற்றோருக்கு ஒன்றும் வகுப்பாசிரியைக்கு ஒன்றுமாக இரண்டு கேள்வித்தாள்களைத் தந்தார். ஆசிரியையின் தாள் வந்து சேரும் வரை எந்த முடிவும் சொல்ல மறுத்துவிட்டார். பார்வை, செவித்திறன், தைராய்டு, இரத்தச்சோகை ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னார். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்ததுண்டா என்று கேட்டபோது, என் கணவரின் சித்தப்பா மாரடைப்பால் போனதைச் சொன்னோம், இ.சி.ஜி. பார்த்த பிறகுதான் மருந்துச் சீட்டில் பேனாவை வைத்தார். முதல் சந்திப்பிலேயே மாத்திரை தருபவரைக் காட்டிலும் இப்படித் தாமதிப்பவரை நம்பலாம் என்பது என் எண்ணம்.

உடன் வந்திருந்த என் மாமியார், "பச்சைப் பிள்ளைக்கு நரம்பு மாத்திரையா டாக்டரம்மா, பழகிப்போயிடாதா?" என்று கேட்டார். மருத்துவர் என்னிடம் திரும்பாமல் அவரையே பார்த்துப் பதில் சொன்னார்: "சரியான அளவுல, நாங்க பாத்துக்கிட்டே குடுத்தா அப்படி ஆகாதும்மா. பசிதான் கொறையும். அதனால காலையில நீங்க வயிறு நெறைய ஊட்டி அனுப்பணும், அது உங்க பொறுப்பு." அன்று முதல் எட்டு மணிக்குள் களியும் கீரைக் கடைசலும் உள்ளே போன பிறகே அவன் கையில் மாத்திரை வருகிறது, கொடுப்பவர் என் மாமியார்தான். மதிய டப்பா பாதி மீந்து வந்தாலும், மாலையில் பசி திரும்பிவிடுகிறது.

இனி மருந்துக்கடை. இந்தத் தேடலில் யாரும் எங்களை எச்சரிக்காத பகுதி இதுதான். முதல் சீட்டை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரியில் நான்கு மெடிக்கல்களில் கேட்டோம். "அதெல்லாம் இங்க வராதுங்க" என்ற பதிலே நான்கிலும் கிடைத்தது; ஓரிடத்தில், சீட்டைப் பார்த்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். கடைக்காரர்களை முழுவதும் குறை சொல்லவும் முடியாது. அட்டவணை எக்ஸ் மருந்தை விற்பதற்குத் தனி உரிமம் வேண்டும். மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். மருத்துவர் சீட்டை இரண்டு படிகளாக எழுத வேண்டும். அதில் ஒன்றைக் கடையில் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் வாங்கும் மருந்துக்காக இவ்வளவையும் மேற்கொள்ளச் சிறிய கடைகள் முன்வருவதில்லை.

வெறுங்கையோடு திரும்பியதைத் தொலைபேசியில் சொன்னதும் மருத்துவர், இது தாம் முன்பே சொல்லியிருக்க வேண்டியது என்று வருந்தி, உரிமமுள்ள கடையொன்றின் பெயரைத் தந்தார். தாமே அங்கு பேசி இருப்பையும் உறுதிசெய்தார். அந்தக் கடையில் மருந்தாளுநர் பின்னறை அலமாரியின் பூட்டைத் திறந்து, அட்டையை எண்ணி எடுத்து, பேரேட்டில் மகன் பெயரையும் எங்கள் முகவரியையும் எழுதிக்கொண்டு, சீட்டின் ஒரு படியைக் கோப்பில் குத்தி வைத்தார். ஆகவே, மருத்துவரைத் தேடும்போதே, "நீங்கள் எழுதும் மருந்து எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்விக்கு உடனே கடையின் பெயரைச் சொல்பவர் இந்தச் சிகிச்சையைத் தொடர்ந்து செய்துவருபவர் என்று அறியலாம். மெத்தில்பெனிடேட் ஒத்துவராத பிள்ளைகளுக்கு அட்டமாக்ஸெட்டின் என்ற மருந்து உண்டு. அதற்கு இந்த எக்ஸ் கட்டுப்பாடு கிடையாது, ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நாள் தவறாமல் கொடுக்கவும் வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பத்து மணி டோக்கனுக்கு எங்களைப் பன்னிரண்டரைக்குத்தான் அழைக்கிறார்கள். என் மகன் சாப்பிடுவது மூன்று, நான்கு மணி நேரமே வேலை செய்யும் மாத்திரை. ஆக, உள்ளே கூப்பிடும் நேரத்தில் அதன் பலன் தீர்ந்து, காத்திருப்புக் கூடத்தின் இரும்பு நாற்காலிகளின் மேல் அவன் ஏறி இறங்கிக்கொண்டிருப்பான். இத்தகைய பிள்ளைகளே அதிகம் வரும் இடத்தில், அவர்கள் ஓடியாட ஒரு மூலை கூட ஒதுக்கவில்லை என்பது வருத்தம் தருகிறது. இந்த நோய்க்கு மருந்தோடு பெற்றோருக்கான பயிற்சியும் தேவை. அங்கு அதற்கென்று தனி ஆள் இல்லாததால், மருத்துவரே அவசரமாகப் பத்து நிமிடங்களில் சொல்லி முடிக்கிறார். மற்றபடி, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் நான்கையும் அவர் குறிக்காமல் விட்டதே இல்லை. கட்டணம் 500 ரூபாய்.

செலவு பாரமாக இருக்கும் குடும்பங்கள் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, போலுப்பள்ளியில் உள்ள கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தொடங்கலாம். அரசுப் பள்ளிகளுக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழு கண்டறிய வேண்டிய நிலைகளில் ஏ.டி.எச்.டி.யும் ஒன்று என்பதால், அவர்கள் வரும் நாளில் பிள்ளையைக் காட்டும்படி ஆசிரியரிடம் கேட்கலாம். ஓசூர் பகுதியினருக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை தருமபுரியைவிட அருகில் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்களுக்கு டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, நாங்கள் பட்டு அறிந்த ஒரு விவரம். நாங்கள் வாங்கும் கடையில் பூட்டின் சாவி வைத்திருக்கும் மருந்தாளுநர் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. பழைய சீட்டைக் காட்டி மீண்டும் வாங்கவும் முடியாது. ஒருமுறை இதை மறந்து, திங்கட்கிழமை மாத்திரை இல்லாமலே அவனைப் பள்ளிக்கு அனுப்ப நேர்ந்தது. இப்போது அட்டையில் ஆறு மாத்திரைகள் இருக்கும்போதே புதுச் சீட்டுக்குத் தருமபுரிப் பேருந்து ஏறிவிடுகிறோம்.