இடித்துக் கட்டுவதா, பழுதுபார்ப்பதா: கிழக்கின் கொங்கிறீட் தேவாலயங்களும் அவற்றைத் தாங்கும் பணமும்

இலங்கையின் கிழக்கில் நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கொங்கிறீட்டில் எழுந்த ஒரு தேவாலயத்தின் கூரை ஒழுகத் தொடங்கும்போது, பங்குச் சபையின் முன் பொதுவாக மூன்று யோசனைகள் வருகின்றன: முழுதாக இடித்துப் புதிதாகக் கட்டுவது; மாபிளாலும் வர்ணத்தாலும் தகரக் கூரையாலும் மூடிவிடுவது; உள்ளே துருப்பிடித்திருக்கும் கம்பி வரை போய்ப் பழுதுபார்ப்பது. இவற்றையும், இவற்றுக்குப் பணம் வரக்கூடிய வழிகளையும் அருகருகே வைத்து எடைபோடுவதே இங்கு நோக்கம். என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது யோசனையே சரியானது என்று நம்புகிறேன். ஆனால் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை தவறாமல் கிடைக்கும் ஏற்பாடு இல்லாமல் அதில் இறங்குவது வீண் செலவு.

இந்தக் கட்டடங்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு எளிதில் கிடைப்பதில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றை மனதில் கொண்டே எழுதப்பட்டது. மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் போன்ற ஒன்றைக் காப்பதற்கு அது போதும். நம் பெற்றோர் காலத்தில் கட்டப்பட்ட ஒரு தேவாலயம் சட்டத்தின் கண்ணுக்கும் மக்களின் கண்ணுக்கும் இன்னும் ‘பழசு’ ஆகவில்லை. ஆகவே அதை வைத்திருப்பதா, இடிப்பதா என்ற முடிவு பெரும்பாலும் பங்கு மக்களின் கையிலும் ஆயர் இல்லத்தின் கையிலுமே இருக்கிறது. அந்தப் பொறுப்பு பெரியது. அவசரத்தில் எடுக்கக்கூடிய முடிவல்ல.

முதலில் நோயை விளங்கிக்கொள்ள வேண்டும். புதிய கொங்கிறீட்டின் காரத்தன்மையைக் காட்டும் பீ.எச். அளவு 12ஐத் தாண்டியிருக்கும். அந்தக் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு ஆண்டுக்கணக்கில் உட்புகுந்து அந்த அளவை 9க்கு அருகில் இறக்கிவிடும்போது காப்பு அகன்றுவிடுகிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழும் நமக்கு இதைவிட விரைவான எதிரி காற்றில் வரும் உப்பு. காரத்தன்மை குறையாத கொங்கிறீட்டிலும் உப்பு கம்பியை அரித்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிப்பதால் கொங்கிறீட் உள்ளிருந்து வெடித்துப் பாளம் பாளமாக விழுகிறது. கடலோரக் கட்டடத்தில் கம்பிக்கு மேல் 40 முதல் 50 மில்லிமீற்றர் வரை கொங்கிறீட் இருக்க வேண்டும் என்பது இன்றைய அறிவு. மெல்லிய தூண்களையும் காற்றோட்டத் துளைக் கற்களையும் விரும்பிய அக்காலக் கட்டடங்களில் அதில் பாதிகூடக் கிடைக்காத இடங்கள் உண்டு.

இடித்துக் கட்டும் யோசனைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. பங்கு வளர்ந்திருக்கலாம், பீடத்தின் மேல் எப்போது எது விழுமோ என்ற அச்சத்துடன் திருப்பலி காண முடியாது. அத்திவாரமே பழுதென்றால் வேறு வழியும் இல்லை. ஆனால் இந்த யோசனையை ஆதரிப்போர் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை: புதிய ஆலயமும் கொங்கிறீட்டில்தான் எழும், அதே உப்புக் காற்றில்தான் நிற்கும். பராமரிப்பு இல்லையென்றால் இன்னும் நாற்பது ஆண்டுகளில் அதே கூட்டம், அதே மேசையைச் சுற்றி, அதே கேள்வியோடு கூடும்.

இழப்பும் சிறியதல்ல. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் ஓட்டுக் கூரைகள் பறந்ததைக் கண்ட தலைமுறை கொங்கிறீட்டின் மீது வைத்த நம்பிக்கை இந்தக் கட்டடங்களில் உறைந்திருக்கிறது. மட்டக்களப்பில் திமிங்கிலத்தை ஒத்த வடிவில் எழுந்த புனித செபஸ்தியார் ஆலயத்தைப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்ல வருவது விளங்கும். ஓடும் மரமும் தர முடியாத ஓர் உருவத்தைக் கொங்கிறீட் தந்தது; பெரிய மீன் விழுங்கிய யோனா இறைவாக்கினரின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த உருவமே ஒரு மறைக்கல்வி. அப்படிப்பட்ட வடிவங்களை இன்று யாரும் கட்டுவதில்லை. இடித்த இடத்தில் எழுபவை பெரும்பாலும் எந்த ஊரிலும் நிற்கக்கூடிய முகப்புகளே.

மூடிவிடும் யோசனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் ஏறிய சுவரில் மாபிள் பதித்தால் ஈரம் உள்ளேயே தங்கும், துரு மறைவில் வளரும், விழும்போதுதான் தெரியவரும். தட்டையான சிலாப்பின் மேல் தகரக் கூரை போடுவதை மட்டும் முழுமையாக மறுக்க மாட்டேன். அது தண்ணீரை நிறுத்துகிறது, வேண்டாமென்றால் கழற்றலாம். பணம் சேரும் வரை இரண்டு மூன்று மாரிகளைத் தாண்டுவதற்கு அது உதவும், அவ்வளவே.

பழுதுபார்ப்பதிலும் ஆபத்துகள் உண்டு. வெடித்த இடத்தை மட்டும் உடைத்து, கம்பியைச் சுரண்டி, புதுச் சீமெந்து பூசிவிட்டால் வேலை முடிந்ததென நம் மேசன்மார் பலர் எண்ணுகிறார்கள். உப்பேறிய கொங்கிறீட்டில் அந்தப் புதுப் பூச்சின் விளிம்பை ஒட்டியுள்ள பழைய பகுதியில் கம்பி முன்னைவிட விரைவாக அரிக்கப்படும். சில ஆண்டுகளில் பூச்சைச் சுற்றி ஒரு வளையமாக வெடிப்பு வரும். இதைத் தடுக்கத் திருத்தும் இடத்திலேயே கம்பியுடன் சிறு துத்தநாகக் கட்டிகளை இணைப்பார்கள். இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் கரைகிறது. மின்னோட்டம் செலுத்திக் கம்பியைக் காக்கும் முறையும் உண்டு, ஆனால் அதை ஆண்டு முழுவதும் கண்காணிக்க ஆள் வேண்டும். ஒரு சிறிய பங்கிற்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரான்சில் பாரிஸ் நகருக்கு அருகே லே ரான்சியில் ஒகுஸ்ட் பெரே 1923இல் கட்டி முடித்த தேவாலயம், வெறும் கொங்கிறீட்டைப் பூச்சின்றிக் காட்டிய முதல் தேவாலயங்களுள் ஒன்று. அங்கும் கம்பிகள் துருப்பிடித்தன. சிதைந்த பாகங்களை அதே வடிவில் புதிதாக வார்த்துப் பொருத்த வேண்டியதாயிற்று. அக்கட்டடம் நாட்டின் வரலாற்றுச் சின்னமாகப் பதிவானதால் அரசின் பணம் அதன் பின்னால் நின்றது. அந்த வசதி நமக்கில்லை. அருகில் பார்த்தால், பண்டாரவளையில் நல்லாயன் கன்னியர் மடத்துக்காக ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் அமைத்த சிற்றாலயம் கல்லால் ஆனது. மலைக் காற்றில் உப்பும் இல்லை. அதன் பராமரிப்பைக் கிழக்குக் கரைக்கு அளவுகோலாகக் கொள்வது சரியாகாது.

இனிப் பணம். அமெரிக்காவின் இன்டியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் ஈரோ சாரினன் வரைந்து, அவர் இறந்த பின் 1964இல் நிறைவுற்ற நோர்த் கிறிஸ்ரியன் தேவாலயம் உலகம் அறிந்த கட்டடம். நவீன கட்டடங்களைப் பேணுவதற்காகக் கெற்றி அறக்கட்டளை 2014 முதல் 2020 வரை நடத்திய திட்டத்தின் கீழ் 2019இல் அதற்கும் உதவி கிடைத்தது. 2022இல் அங்கு வழிபட்ட சபையே கலைந்துவிட்டது. கட்டடம் பின்னர் மாவட்டப் பொது நூலகத்தின் கைக்குப் போனது. வெளியிலிருந்து வரும் நிதி நல்ல திட்டத்தை வரையத் துணைசெய்யலாம், ஆனால் ஞாயிறுதோறும் வந்து அமர்பவர்களை அதனால் கொண்டுவர முடியாது. அந்த வகையில் நம் பங்குகள் அதிர்ஷ்டசாலிகள். கொடியேற்றத்தன்று இடம் போதாமல் வெளியே நிற்கிறவர்களே நம் பெரிய மூலதனம்.

அந்த மூலதனத்தை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பதே என் ஆதங்கம். திருவிழாக் காணிக்கை பந்தலிலும் ஒலிபெருக்கியிலும் மின்விளக்கிலும் கரைந்துபோகிறது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் சுவிஸிலும் இருக்கும் ஊரவர் மனமுவந்து அனுப்பும் தொகை பெரியது, ஆனால் ஒரு முறை வருவது. பெயர்ப்பலகை வைக்கக்கூடிய புதிய மண்டபத்துக்கோ கோபுரத்துக்கோ அது எளிதில் சேரும். பீலி துப்புரவாக்கவோ சிலாப்பின் நீர்த்தடுப்புப் பூச்சைப் புதுப்பிக்கவோ யாரும் பெயர்ப்பலகை கேட்பதில்லை. அரசாங்க உதவி கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். அதை நம்பி ஆண்டுக் கணக்கு எழுத முடியாது.

வங்கியில் நிலையான வைப்பு வைத்து வட்டியில் பராமரிப்பது என்ற யோசனை கேட்க உறுதியாகத் தோன்றும். 2022ஐ நாம் மறந்துவிடக் கூடாது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. அதற்கு முந்தைய ஆண்டில் ஆயிரம் ரூபாய் அளவில் விற்ற சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தாண்டியது. வைப்பின் தொகை அப்படியே இருக்க, அதனால் வாங்கக்கூடிய சீமெந்து மூன்றில் ஒன்றாகச் சுருங்கியது. ஆகவே வைப்பு தனியாகப் போதாது. விலையோடு சேர்ந்து ஏறக்கூடிய வருமானம் ஒன்று அதன் பக்கத்தில் வேண்டும்: பங்கு மண்டபத்தின் வாடகை, தென்னங்காணியின் குத்தகை, அல்லது வருமானத்துக்கு ஏற்பக் குடும்பங்கள் மாதந்தோறும் தரும் சிறு பங்களிப்பு. இவற்றுள் கடைசியானதையே நான் முதலில் வைப்பேன். ஒரு குடும்பம் தரும் தொகை சிறிதானாலும், மாதந்தோறும் தருபவர் கூரையை அண்ணாந்து பார்க்கிறவராகவும் மாறிவிடுகிறார்.

எனவே வெளிநாட்டு ஊரவரின் பெருந்தொகையை ஒரே ஒரு முழுமையான திருத்தத்துக்கும், மாதப் பங்களிப்பையும் மண்டப வாடகையையும் பராமரிப்புக்கு மட்டுமே என்று எழுத்தில் வைத்த தனிக் கணக்குக்கும் ஒதுக்க வேண்டும். திருவிழாக் காணிக்கையில் ஒரு பகுதி, பத்தில் ஒன்றாக இருந்தாலும் சரி, கொடியிறக்கத்துக்கு மறுநாளே அந்தக் கணக்குக்குப் போக வேண்டும். அந்தக் கணக்கிலிருந்து பந்தலுக்குக் கடன் கொடுக்கக் கூடாது.

பெருந்தொகையைத் தேடும் முன்னரே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் தூண்களையும் சிலாப்பின் அடிப்புறத்தையும் சிறு சுத்தியலால் தட்டி, பொந்து ஒலி எழும் இடங்களுக்கெல்லாம் சோக்கால் வட்டமிடலாம். புதிதாக உடைந்த முகத்தில் பினோப்தலின் கரைசலைத் தெளித்தால் காரத்தன்மை எஞ்சியுள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், இழந்த பகுதி நிறம் மாறாது. உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் பங்குப் பிள்ளைகள் ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் இதைச் செய்து பதிவிடலாம். உப்பின் அளவு அதில் தெரியாது. அதற்குத் துளையிட்டெடுத்த தூளை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த இரண்டு பதிவுகளோடும் ஒரு பொறியியலாளரை ஐப்பசி மழைக்கு முன் அழைத்தால், இடிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அவர் அளவுகளை வைத்துப் பதில் சொல்ல முடியும்.